அந்தோனியார் பெட்டியில் ஆட்சேபணைகள்

மற்றவர்கள் காலையில் எழுந்ததும் பேப்பரில் மரண அறிவிப்பு பார்ப்பார்கள். நான் அரசிதழ் பார்ப்பேன். ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆகியும் இந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. புதன்கிழமை தோறும் செல்போனில் அரசிதழை இறக்கி, பால் விடாத ஒரு கட்டஞ்சாயாவோடு முன்னறையில் உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பேன். “இதுல என்ன தொடர்கதையா வருது, இப்படி ரசிச்சு வாசிக்குதீங்க” என்று என் மனைவி தங்கபாய் கேட்பாள். கதை வராதுதான். ஆனால் ஒரு விதியின் வாக்கியத்தைப் பார்த்தே, அதை எழுதியவன் சோம்பேறியா, மேலதிகாரிக்குப் பயந்தவனா, மதியச் சாப்பாட்டுக்கு அவசரப்பட்டவனா என்று என்னால் சொல்லிவிட முடியும். முப்பத்தொரு வருடம் சென்னைத் தலைமைச் செயலகத்தில் அதே வேலையாக இருந்தவன் நான்.

என் பெயர் ரசலையன். குமரி மாவட்டத்தில் கருங்கல் என்கிற ஊருக்குப் பக்கத்தில் வீடு. வண்டி, பஸ், பெர்மிட் சம்பந்தப்பட்ட விதிகளை எழுதுகிற பிரிவில் உதவியாளராகச் சேர்ந்து, பிரிவு அலுவலராக வெளியே வந்தேன். பஸ்ஸில் எத்தனை பேர் நிற்கலாம், படிக்கட்டு எவ்வளவு உயரம் இருக்கலாம் என்பதையெல்லாம் சட்டம் போடுகிறவர்கள் எழுத மாட்டார்கள். “மீதியை விதியில் பார்த்துக்கொள்ளவும்” என்று எங்கள் தலையில் கட்டிவிடுவார்கள். நாங்கள் ஒரு வரைவு எழுதி அரசிதழில் போடுவோம். இதனால் பாதிக்கப்படுகிறவர்கள் முப்பது நாளைக்குள் ஆட்சேபணை சொல்லலாம் என்று அதன் தலையில் ஒரு வரி இருக்கும். முப்பத்தொன்றாம் நாள் கோப்பை எடுத்து, “ஆட்சேபணைகள் எதுவும் வரப்பெறவில்லை” என்று எழுதி மேலே அனுப்புவோம். அதன்பிறகு வரைவு விதியாகிவிடும்.

அந்த வரியை நான் எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. என் சர்வீஸில் ஒரே ஒரு ஆட்சேபணைகூட வந்ததில்லை. நாங்கள் எழுதுகிற விதிகளில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை என்று பெருமையாகப் பேசிக்கொள்வோம். அரசிதழை ஊரில் ஒருத்தரும் படிப்பதில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும்.

போன ஆடி மாதம் எனக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. செல்போனைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தடை நீங்கிய புதன்கிழமை, பாக்கி கிடந்த அரசிதழ்களை எல்லாம் ஒரே மூச்சில் படிக்க உட்கார்ந்தேன். மூன்றாவதாக எடுத்த ஒரு சனிக்கிழமைச் சிறப்பிதழில், பஸ் பயணிகளின் நடத்தை பற்றிய ஒரு வரைவுத் திருத்தம். அதில் ஏழாவது பத்தி இப்படி இருந்தது: “ஈரம் கசியக்கூடியதோ, சக பயணிகளுக்கு அருவருப்பூட்டும் வாசனை உடையதோ ஆன எந்தப் பொருளையும் எந்தப் பயணியும் பேருந்தில் கொண்டுசெல்லுதல் ஆகாது.”

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அது என் வாக்கியம். எல்லாரும் ‘கூடாது’ என்று எழுதுகிற செயலகத்தில் ‘ஆகாது’ என்று எழுதினவன் நான் ஒருவன்தான். 1998-ல், எங்கோ ஒரு வடமாவட்டத்தில் பதனிடாத தோலை மூட்டை கட்டி பஸ்ஸில் ஏற்றுகிறார்கள் என்று புகார் வந்தது. அதற்காக நான் எழுதிய வரைவு. அதற்குள் வியாபாரிகள் லாரி பிடித்துக்கொண்டதால் அந்தக் கோப்பை மூடிவிட்டார்கள். செயலகத்தில் யாரும் புதிதாக எழுதிப் பழகவில்லை. பழைய கோப்பைத் தேடி எடுத்து அதிலிருந்து இறக்குவதுதான் நல்ல அதிகாரிக்கு அழகு. யாரோ ஒரு புண்ணியவான் என்னைத் தேடி எடுத்திருக்கிறான்.

“தங்கம், எனக்க வாக்கியம் வந்திருக்கு” என்றேன்.

“பேரு போட்டிருக்கானா?”

“பேரு போடமாட்டானுவ.”

“அப்ப என்னத்துக்கு இந்தப் பவுசு” என்று அவள் தேங்காய் திருவப் போய்விட்டாள்.

அப்போதுதான் கேட்டில் சத்தம் கேட்டது. “மீனோ, சாளை, நெத்திலி.” எமல்டா வந்துவிட்டாள்.

எமல்டா இனயத்துக்கு அந்தப் பக்கம் புன்னைத்துறை என்கிற கடற்கரை ஊர்க்காரி. ஐம்பது வயது இருக்கும். விடியற்காலையில் வள்ளம் கரை ஏறியதும் ஏலம் எடுத்து, மூடி போட்ட அலுமினியச் சருவத்தில் மீனை அடுக்கி, எட்டு மணி பஸ்ஸில் ஏறி எங்கள் பக்கம் வருவாள். இருபத்தாறு வருடமாக அதே பஸ்தான். அவள் வீட்டுக்காரர் முதுகு அடிபட்டு கடலுக்குப் போகாமலாகி ஆறு வருடமாகிறது. மகள் ஜின்சி நாகர்கோவிலில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். வீடு நடப்பது அந்தச் சருவத்தில்.

அவள் சருவத்தை இறக்கி மூடியைத் திறந்தாள். நான் ஏழாவது பத்தியைப் பார்த்தேன், சாளையைப் பார்த்தேன், மறுபடியும் ஏழாவது பத்தியைப் பார்த்தேன். மீன் தின்று வளர்ந்த குமரி மாவட்டத்துக்காரன், ஈரமும் வாசனையும் உள்ள பொருள் என்று எழுதும்போது மீனை நினைக்கவில்லை. சென்னையில் மீன் என் வாசலுக்கு வந்தது. அது எதில் ஏறி வந்தது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. “இதனால் யாருக்காவது பாதிப்பு உண்டா” என்ற கேள்விக்கு, கோப்பில் “இல்லை” என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டதும் நான்தான்.

வெட்கமாக இருந்தது. ஆனாலும் விஷயத்தைச் சொல்லாமல் விடுகிற அளவு கெட்டவன் இல்லை. வாசித்துக் காட்டினேன். யார் எழுதியது என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

எமல்டா மீனை எண்ணி வைப்பதை நிறுத்தினாள். “அதுதான் அந்த கண்டக்டர் ஷாஜன் சிரிச்சானா? ‘மீன்காரி, பொறத்தால போ, அடுத்த மாசம் பொறத்தாலயும் எடம் கெடையாது’ன்னு ரெண்டு நாளா சொல்லுதான். நான் வெளையாட்டுன்னு நெனச்சேன்.”

“இது வரைவுதான் எமல்டா. இன்னும் விதி ஆவல.”

“விதி ஆயிட்டா என்ன செய்ய சாரே? ஆட்டோ பிடிச்சா பாதி மீனு ஆட்டோக்காரனுக்கு. பஸ் இல்லேன்னா நானும் இல்ல, ஜின்சிக்க படிப்பும் இல்ல.” அவள் அழவில்லை. என்னையே பார்த்தாள். “நீங்க இந்த ஆப்பீசுலதானே இருந்திய? சொல்லுங்க, யாருக்க காலப் பிடிக்கணும்?”

“யாருக்க காலயும் பிடிக்காண்டாம். ஆட்சேபணை எழுதணும். இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கு. அடுத்ததுக்கு அடுத்த திங்கட்கிழமை கடைசி.”

அவள் போனபின் தங்கபாய் சமையலறை வாசலில் நின்றாள். அவளுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. “எழுதினது யாருன்னு அவகிட்டச் சொல்லேலயா?”

“பொறவு சொல்லலாம்.”

“பொறவு சொன்னா பொறவுதான் வலிக்கும்” என்றாள்.

மறுநாள் நான் புன்னைத்துறைக்கே போனேன். ஊர்க் கத்தோலிக்கக் கோயிலுக்கு எதிரே மீன் வலை காயப்போடுகிற மணலில் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். உள்நாட்டுக்கு மீன் கொண்டுபோகிறவர்கள் அந்த ஊரிலும் அக்கம்பக்கத்திலும் சேர்த்து நூற்றுப் பன்னிரண்டு பேர். கோயில் கமிட்டிச் செயலாளர் ஆன்றோ ஒரு நீளமான தாளோடு வந்திருந்தார். மேலே மனு, கீழே எல்லாருடைய கையெழுத்தும். ஊர் வழக்கம் அதுதான்.

“அது வேண்டாம். ஒரு தாளுல முந்நூறு பேரு கையெழுத்து போட்டாலும் ஆப்பீசுல அது ஒரு ஆட்சேபணை. ஆளுக்கு ஒரு தாள் வேணும். நான் எழுதித் தந்ததப் பார்த்து எழுதவும் கூடாது. அவியவிய மனசுல உள்ளத எழுதணும். ஒரே மாதிரி வந்தா, ஒண்ணை வாசிச்சிட்டு மீதியைக் கட்டி வச்சிருவானுவ” என்றேன்.

“சாருக்கு இது எல்லாம் நல்லாத் தெரிஞ்சிருக்கே” என்றார் ஆன்றோ. எனக்குக் காது சூடானது.

அடுத்த ஏழு நாளும் அந்த ஊரில் பேனாவுக்குப் பஞ்சம். எழுதத் தெரியாதவர்களுக்கு ஜின்சி எழுதிக் கொடுத்தாள். நான் தினம் போய் வாசித்துப் பார்ப்பேன். இத்தனை வருடம் இதையெல்லாம் வாசிக்காமல் என்ன கிழித்தேன் என்று தோன்றியது. ஒருத்தி, தான் மீன் கொடுக்கிற நாற்பது வீடுகளையும் பெயர் சொல்லி எழுதி, எந்த வீட்டில் நாய் கடிக்கும் என்பதையும் சேர்த்திருந்தாள். இன்னொருத்தி, “சாயங்கால பஸ்ஸில் குடித்துவிட்டு வருகிறவர்களின் வாசனைக்கு என்ன விதி வைத்திருக்கிறீர்கள்” என்று கேட்டிருந்தாள். “நாங்கள் கொண்டுபோனால் நாற்றம், நீங்கள் குழம்பு வைத்தால் மணமா” என்று எமல்டாவின் தாளில் இருந்தது. ஏழெட்டுப் பேர் கடைசியில் ‘ஆமென்’ போட்டிருந்தார்கள். நான் அதை அடிக்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் நூற்றுப் பன்னிரண்டும் தயார். வெள்ளிக்கிழமை காலை கருங்கல் தபால் ஆபீஸில் ஸ்பீட் போஸ்டில் போட்டால் திங்கட்கிழமை சென்னையில் இருக்கும். எட்டு மணி பஸ்ஸில் எமல்டா கொண்டுவருவதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை அவள் சருவத்தோடு வந்தாள். தாள் இல்லை.

“எங்க?”

“அந்தோனியார் பெட்டிக்குள்ள இருக்கு சாரே” என்றாள்.

நான் சிஎஸ்ஐ சபைக்காரன். எங்களுக்குப் பெட்டி என்றால் காணிக்கைப் பெட்டிதான். புன்னைத்துறைக் கோயிலில் புனித அந்தோனியார் சுரூபத்துக்கு அடியில் மன்றாட்டுப் பெட்டி ஒன்று இருக்கிறதாம். வேண்டுதலை எழுதிப் போட்டால், செவ்வாய்க்கிழமை நவநாள் வழிபாட்டில் பெட்டியைத் திறந்து வாசித்து ஜெபிப்பார்கள். அதோடு அந்த ஊருக்கென்று ஒரு வழக்கம். விசாவுக்கு அனுப்புகிற தாள், பரீட்சை ஹால் டிக்கெட், நிலப் பத்திரம், எதுவானாலும் ஒரு ராத்திரி அந்தப் பெட்டிக்குள் கிடந்துதான் வெளியே போகும். விடிந்ததும் ஆன்றோ சாவி போட்டு எடுத்துத் தருவார். நூற்றுப் பன்னிரண்டு பேரும் வியாழக்கிழமை செபமாலைக்குப் பிறகு வரிசையாக நின்று போட்டிருக்கிறார்கள்.

“சரி, ஆன்றோ சாவி?”

“பூட்டு புதுசு சாரே. பிள்ளையள் மிட்டாய்க் கடலாசு போடுதுன்னு பங்குச் சாமியாரு போன வாரம் மாத்தியிருக்காரு. சாவி அவருகிட்ட. அவரு தியானத்துக்குப் போயாச்சு. செவ்வாய்க்கிழமதான் வருவாரு. தியானத்துல போன் எடுக்கமாட்டாரு.”

திங்கட்கிழமை கடைசி நாள். செவ்வாய்க்கிழமை பெட்டி திறக்கும். என் வாக்கியத்துக்கு வந்த முதல் ஆட்சேபணைகளை அந்தோனியார் ஒருவர்தான் வாசிப்பார் போலிருந்தது.

சனிக்கிழமை காலை கோயில் வராந்தாவில் கமிட்டி கூடியது. தபால் இனி ஆகாது, எழுத ஏழு நாள் பிடித்ததை மறுபடி எழுதவும் நேரமில்லை. ஆனால் அரசிதழில் ஈமெயில் முகவரியும் இருந்தது. தாள்கள் கைக்கு வந்தால் ஜின்சி செல்போனிலேயே படம் பிடித்து அனுப்பிவிடுவாள். பூட்டை உடைக்கலாமா என்பதுதான் கேள்வி.

“உடைக்க முடியாது” என்றார் ஆன்றோ. “கோயில் சட்டதிட்டத்துல எழுதியிருக்கு. பங்குத்தந்தை அல்லாம வேற யாரும் பூட்டு திறக்கப்பிடாது. அத மாத்தணும்னா பொதுக்கூட்டம் கூட்டணும். பொதுக்கூட்டத்துக்கு பதினஞ்சு நாள் நோட்டீசு போடணும்.”

“நாசமாப் போச்சு. அங்கயும் விதி, இங்கயும் விதி” என்றாள் எமல்டா.

எனக்கு மட்டும் உடம்பு சிலிர்த்தது. இத்தனை நாள் குற்ற உணர்வோடு திரிந்தவனுக்கு முதல்முறையாகத் தெரிந்த வேலை ஒன்று கிடைத்திருக்கிறது. “அந்தச் சட்டதிட்டத்த ஒண்ணு தாரும்” என்றேன்.

சின்னப் புத்தகம். பன்னிரண்டாவது விதி. நான் மூன்று தடவை வாசித்தேன். எழுதியவர் அவசரக்காரர் என்று தெரிந்தது.

“இதுல ‘பெட்டியின் பூட்டைத் திறக்கவோ உடைக்கவோ கூடாது’ன்னுதான் இருக்கு. பெட்டிக்க அடிப்பலகயப் பத்தி ஒண்ணும் சொல்லேல.”

எல்லாரும் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். பலாப்பலகைப் பெட்டி. அடியில் நான்கு திருகாணி.

ஆன்றோ எழுந்து மூன்று தடவை சிலுவை போட்டார். பிறகு ஆளனுப்பி வள்ளத்து எஞ்சினுக்கு வைத்திருக்கிற ஸ்க்ரூ டிரைவரைக் கொண்டுவரச் சொன்னார். “பூட்டத் தொடேல, எல்லாரும் பாத்துக்கிடுங்க” என்று சொல்லியபடி அவரே கழற்றினார்.

அடிப்பலகை வந்ததும் ஆட்சேபணைகள் கொட்டின. கூடவே ஊருடைய மன்றாட்டுகளும் கொட்டின. கல்யாணம், வேலை, கால்வலி, பக்கத்து வீட்டுக்காரியின் வாய் என்று சின்னச் சின்னத் தாள்கள். அவற்றை யாரும் வாசிக்கக் கூடாது என்று எமல்டா கண்டிப்பாகச் சொல்லி, பெரிய தாள்களை மட்டும் ஜின்சி பக்கம் தள்ளினாள். ஜின்சி கோயில் படிக்கட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படம் எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவதற்குள் எல்லாம் போய்விட்டது. நான்கு திருகாணியும் பழையபடி ஏறிவிட்டன.

திங்கட்கிழமை மதியம் பதில் வந்தது. “தங்களது 113 ஆட்சேபணைகள் பெறப்பட்டன.” நூற்றுப் பன்னிரண்டுதானே என்று ஜின்சி மறுபடி எண்ணினாள். அனுப்பினதைத் திரும்ப எடுக்க முடியாது. ஒன்று கூடினால் நல்லதுதான் என்று நான் தைரியம் சொன்னேன்.

ஒன்றிரண்டு வந்திருந்தால் இதோடு கோப்பை மூடியிருப்பார்கள். ஆனால் ஒரே இடத்திலிருந்து நூற்றுப் பதின்மூன்று வந்ததில் யாரோ விழித்திருக்கிறார்கள். ஆறு வாரம் கழித்து, நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ் கூட்ட அறையில் நேரில் கேட்பதாகக் கடிதம் வந்தது. சென்னையிலிருந்து வந்த அதிகாரி நாற்பது வயதுப் பெண். முகத்தில் சிடுசிடுப்பு இல்லை. “என் சர்வீஸில் ஆட்சேபணை வந்த கோப்பை இப்போதுதான் பார்க்கிறேன்” என்று சொல்லித்தான் ஆரம்பித்தார். நான் கடைசி வரிசையில் ஒளிந்து உட்கார்ந்திருந்தேன்.

அவர் ஒவ்வொரு எண்ணாக எடுத்து வாசித்து, துறையின் குறிப்பையும் சொல்லிக்கொண்டு போனார். நாய் கடிக்கிற வீடு வந்தபோது அவரே சிரித்துவிட்டார். நாற்பத்தேழு வந்தது.

“நாற்பத்தேழு. கையெழுத்து இல்லை. ‘அந்தோனியாரே, எனக்க மகன் பைக்கைக் கண்ணுமண்ணு தெரியாம ஓட்டுகிறான். அவனுக்கு நல்ல புத்தி தாரும்.’” கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தொடர்ந்தார். “துறையின் குறிப்பு: வேகக் கட்டுப்பாடு தொடர்பாக ஏற்கெனவே விதிகள் நடைமுறையில் உள்ளன. புதிய விதி அவசியமில்லை.”

ஒவ்வொரு தலையாக ஆன்றோ பக்கம் திரும்பியது. அவர் மகன் அபினேஷின் பைக் சத்தம் கேட்காத காது புன்னைத்துறையில் இல்லை. ஆன்றோ மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு அடங்க ஐந்து நிமிஷம் ஆனது.

கடைசியில் அதிகாரி பேனாவை வைத்தார். “உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் மற்ற பயணிகளையும் நாங்கள் பார்க்க வேண்டும் இல்லையா? தண்ணீர் ஒழுகும், வாசனை வரும். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?”

எமல்டா எழுந்தாள். “நாங்க வந்து எவ்வளவு நேரம் ஆச்சு மேடம்?”

“இரண்டு மணி நேரம் இருக்கும்.”

“ரெண்டு மணிக்கூறா எனக்கச் சருவம் உங்க மேசைக்கு அடியிலதான் இருக்கு. அஞ்சு கிலோ சாளை. காலைல பஸ்ஸுல இருந்து எறங்கினதும் வைக்க வேற எடம் கெடைக்கேல. மணம் வந்துதா? உங்க காலு நனஞ்சுதா?”

அதிகாரி குனிந்து பார்த்தார். துணியால் விளிம்பு கட்டிய மூடியோடு சருவம் இருந்தது. தரை காய்ந்து கிடந்தது. அவர் நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது. “இந்த வாக்கியம் நாங்கள் புதிதாக எழுதியதில்லை” என்றார் மெதுவாக. “பழைய முன்மாதிரியிலிருந்து வந்தது. 1998 கோப்பு. அதில் ‘யாருக்கும் பாதிப்பு இல்லை’ என்று குறிப்பு இருக்கிறது. ‘ர’ என்று சுருக்கொப்பம். அந்த அலுவலர் யாரென்று தெரியவில்லை.”

பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் எமல்டா நின்றுகொண்டிருந்தாள், எனக்கு உட்கார்ந்திருக்க முடியவில்லை.

“நான்தான் மேடம்” என்று எழுந்தேன். “தோல் மூட்டைக்கு எழுதினேன். மீனை நினைக்கவில்லை. பாதிப்பு உண்டா என்று யாரையும் கேட்காமலே இல்லை என்று எழுதினேன். அந்தக் குறிப்பு தப்பு. அதை நம்பி நீங்கள் விதி போட வேண்டாம்.”

அதிகாரி அதை எழுதிக்கொண்டார். எமல்டா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் விவரிக்க விரும்பவில்லை.

அதன் பிறகு எங்கள் கேட்டில் மீன் சத்தம் கேட்கவில்லை. அடுத்த தெருவில் கேட்கும். எங்கள் வீட்டைத் தாண்டும்போது அவள் வாயை மூடிக்கொள்வாள். தங்கபாய் தினமும் பருப்பும் முருங்கைக்காயும் வைத்தாள். “நல்ல ஈரம் கசியாத சாப்பாடு, வாசனையும் கெடையாது, தின்னுங்க” என்று பரிமாறினாள். இருபத்து மூன்று நாள் தின்றேன்.

இருபத்து நான்காம் நாள் புதன்கிழமை. அரசிதழில் இறுதி விதி வந்திருந்தது. முன்னுரையைப் படித்ததும் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆபரேஷன் செய்த கண் என்று சொல்லி மனைவியிடம் சமாளித்தேன். கருங்கலில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு, மறுநாள் விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்துப் புன்னைத்துறையில் இறங்கினேன்.

எமல்டா எட்டு மணி பஸ்ஸுக்காக நிறுத்தத்தில் சருவத்தோடு நின்றாள். என்னைப் பார்த்துவிட்டுக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“விதி வந்தாச்சு” என்றேன்.

அவள் திரும்பவில்லை. ஆனால் காதைக் கொடுத்தாள். வாசித்தேன். “மேற்படி வரைவின் மீது வரப்பெற்ற நூற்றுப் பதின்மூன்று ஆட்சேபணைகளைப் பரிசீலித்து...”

“நாப்பத்தேழும் சேத்தா?”

“அதும் சேத்துதான்.” அவள் உதடு லேசாக அசைந்தது. நான் ஏழாவது பத்திக்கு வந்தேன். “ஆயினும், கசிவில்லாத, மூடியுள்ள பாத்திரத்தில் மீன் கொண்டுவரும் பயணியை ஏற்ற மறுத்தலோ, இருக்கையில் அமர விடாதிருத்தலோ ஆகாது.”

“இன்னொருக்க வாசிங்க.”

வாசித்தேன்.

“மீன் கொண்டு வாற யாரு?”

“பயணி.”

“மீன்காரின்னு இல்லியா?”

“இல்ல. பயணின்னுதான் இருக்கு.”

அவள் தாளை வாங்கி, அந்த இடத்தில் என்னை விரல் வைக்கச் சொல்லி, விரல் இருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “இருவத்தாறு வருஷமா இந்த பஸ்ஸுல போறேன்” என்றாள். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “இத எழுதினது யாரு? நீங்களா?” என்று கேட்டாள்.

“நான் இல்ல. அந்த மேடம். ‘ஆகாது’ மட்டும் எனக்கது. அத அவிய மாத்தேல.”

“அதான பாத்தேன். நீங்க எழுதினா இப்படி வராது.”

பஸ் வந்து நின்றது. ஷாஜன் வாசலில் தொங்கிக்கொண்டு, பழக்கத்தில் “மீன்காரி” என்று வாயெடுத்தான். எமல்டா தாளை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவன் வாசித்தான், தலையைச் சொறிந்தான், முன்பக்க இருக்கையில் வைத்திருந்த தன் பையை எடுத்துக்கொண்டான். “சரி, பயணி ஏறுங்க” என்றான்.

எமல்டா ஏறவில்லை. சருவத்தின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“என்ன நிக்கிய சாரே? அந்தப் பக்கம் பிடிங்க. பஸ்ஸு போயிரும்.”

பிடித்தேன். நினைத்ததைவிட நல்ல கனம். இதைத் தலையில் வைத்துக்கொண்டுதான் எங்கள் வீட்டு மேட்டை ஏறி வந்திருக்கிறாள். இருவரும் சேர்த்துத் தூக்கி உள்ளே வைத்தோம். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் தட்டிக் காட்டினாள். கருங்கல் வரும்வரை ஜின்சியின் பரீட்சையைப் பற்றியும், ஆன்றோவின் மகன் இப்போது பைக்கைத் தள்ளிக்கொண்டே போகிறான் என்பதைப் பற்றியும் பேசிக்கொண்டு வந்தாள்.

அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் சாளைப் புளிமுளக் குழம்பு. சாப்பிட உட்காரும்போது தங்கபாய் சோப்பை நீட்டினாள். “கையெல்லாம் மீன் மணம். கழுவிட்டு வந்து இரிங்க.”

“இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, அப்படியே சோற்றில் கையை வைத்தேன்.